பதிமூன்றாம் வசனம் எங்கே?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் இரண்டு வாரமாக என்னைத் துரத்தினார். "தினமும் வேதாகமம் வாசிப்பதைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "சர்ச்லதான் பிரசங்கம்னா மலர்லயுமாடா?" என்றான் பக்கத்தில் நின்ற நண்பன். பயப்படாதீர்கள். பிரசங்கம் பண்ண எனக்குத் தகுதி இல்லை. ஏன் தகுதி இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அப்பா கொத்தனாருக்குக் கையாள். மூன்றாம் வகுப்போடு நின்றவர், கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அம்மா பீடி சுற்றுகிறார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். ஆனால் எண் தெரியும்! பஸ் நம்பர் தெரியும், பாஸ் புத்தகத்தில் எத்தனை கட்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். இருபத்தைந்து பீடிக்கு ஒரு கட்டு என்று நாள் முழுக்க எண்ணி எண்ணி, கணக்கில் அம்மாவை ஏமாற்ற ஆள் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆள் வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் ஏழாம் வகுப்பிலிருந்தே ராத்திரி குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கிற வேலை என்னுடையது. அப்பா பாதியில் தூங்கிவிடுவார். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை எனக்குப் பிடித்ததைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தாவீது கோலியாத், தானியேல் சிங்கக் கெபி, இல்லாவிட்டால் ஒரு சின்ன சங்கீதம். அவசரமான நாளில் 117-ஆம் சங்கீதம். இரண்டே வசனம், ஆமென், சோறு! பாலிடெக்னிக் சேர்ந்த வருஷம்தான் சபையில் ஒரு அண்ணன் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரம், புதிய ஏற்பாட்டில் 260, ஆக மொத்தம் 1189. வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு வருஷமும் லேவியராகமத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். கிறிஸ்தவ நண்பர்கள் சிரிப்பீர்கள், உங்களுக்கும் அதே இடம்தானே! ஆதியாகமம் கதை, யாத்திராகமம் பாதி கதை. அப்புறம் பலிபீடம், கொழுப்பு, குஷ்டரோகம் என்று பக்கம் பக்கமாகப் போகும். ஜனவரியில் தொடங்குகிற தீர்மானமெல்லாம் பிப்ரவரியில் அங்கேதான் அடக்கமாகிறது.

இந்த வருஷம் விடுவதில்லை என்று போனில் ஒரு செயலியும் ஏற்றிக்கொண்டேன். வாசித்து முடித்தால் பச்சை டிக் விழும். விடாமல் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டே வரும். இந்த மாதிரி அட்டவணை ஒன்றும் புதிது இல்லை. ராபர்ட் மக்செய்ன் என்ற ஸ்காட்லாந்து போதகர் 1842-லேயே தன் சபை மக்களுக்கு ஒரு வருஷ அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், அட்டவணை கொடுத்த மனுஷர் அதிலுள்ள ஆபத்துகளையும் கூடவே எழுதிக் கொடுத்தார். வெறும் சடங்காகிவிடும், வாசித்துவிட்டோம் என்ற கர்வம் வரும், கவனமில்லாமல் கண் மட்டும் ஓடும், சிலருக்குச் சுமக்க முடியாத பாரமாகிவிடும் என்று. பச்சை டிக் வருவதற்குப் பல தலைமுறை முன்பே பச்சை டிக்கைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது!

லேபில் நாம் என்ன செய்கிறோம்? மீட்டரைப் பார்த்து ரீடிங் எடுக்க வேண்டும். நாமோ சீனியர் ரெக்கார்டைப் பார்த்து கிராஃப் எப்படி வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றாற்போல் ரீடிங்கைப் போட்டுக்கொள்கிறோம். (நான் மட்டும் இல்லை, இதை வாசிக்கிற நீங்களும்தான்.) வேத வாசிப்பிலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. பதிலை முதலிலேயே வைத்துக்கொள்கிறோம், அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடுகிறோம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் என்றைக்காவது "கடனைத் திருப்பிக் கொடு" என்று வந்திருக்கிறதா? ஆசீர்வதிப்பேன், உயர்த்துவேன், கைவிடேன் என்றுதான் வரும். தப்பு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவரிலும் வருஷா வருஷம் ஒட்டுகிறோம், அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் வேதாகமத்தில் வாக்குக் கொடுக்கிற வசனம் மட்டுமா இருக்கிறது? கேள்வி கேட்கிற வசனத்தையும் யாராவது அட்டையில் அச்சடிக்க வேண்டாமா?

என் வகுப்பில் கத்தோலிக்க நண்பன் ஒருவன் இருக்கிறான். அவர்கள் திருப்பலியில் 1969-லிருந்தே வாசகங்களுக்கு ஒரு சுழற்சி உண்டாம், ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வருஷம், வார நாளுக்கு இரண்டு வருஷம். "எங்க சாமியாருக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும் அன்னைக்கு உள்ளதை வாசிச்சுத்தான் ஆகணும். நீங்கதான் பொறுக்கி எடுக்கீங்க" என்று கேலி பண்ணுவான். சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாம் போய் வசனத்தைத் தேடிப் பிடித்தால் அது நமக்குச் சாதகமாகத்தான் பேசும். வரிசையில் அதுவாக வந்து நம்மைப் பிடித்தால்தான் விவகாரம்.

அந்த விவகாரத்துக்கு வருகிறேன்.

பொங்கல் லீவில் பக்கத்து ஊரில் ஒரு புது வீட்டுக்கு வயரிங் வேலை கிடைத்தது. எலக்ட்ரிக்கல் படிக்கிற பையன், கூலி குறைவாகக் கேட்பான் என்று கூப்பிட்டார்கள். சுவர் வெட்டி பைப் பதிக்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் தெருவில் என்னை விட ஒரு வயது மூத்தவன், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன், அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று பேச்சு. ஐந்து நாள் வேலை. உளியும் சுத்தியலுமாக, தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு அவன்தான் உழைத்தான். நான் பென்சில் வைத்துக் கோடு போட்டேன், வயர் இழுத்தேன், சுவிட்ச் மாட்டினேன். எனக்கு அவன் "இன்ஜினியர்" என்று பட்டம் கொடுத்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 27-ஆம் தேதி வீட்டுக்காரர் கூலி 7000 ரூபாயை முழுசாகக் கொடுத்துவிட்டார். அம்மாவிடம் 2000 கொடுத்தேன். கொச்சி ஐ.வி.-க்கு மறுநாள்தான் கடைசி நாள், 3000 கட்டினேன். ஐ.வி.-க்கு இந்தப் பிய்ந்த செருப்போடு எப்படிப் போவது? 1200-க்கு ஒரு ஷூ. மிச்சம் 800 ரூபாய். அவனுக்குக் கொடுக்க வேண்டியதோ 2500!

இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாப்பில் அவன் கேட்டான். "ஓனர் இன்னும் காசு தரலை. அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். சொல்லும்போது வாய் கூசவில்லை. அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது என்று பிறகு யோசித்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகின வார்த்தை அது. சனிக்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு வருகிற அப்பா அம்மாவிடம் சொல்வாரே, "காண்டிராக்டருக்கு பார்ட்டி காசு தரலையாம். அடுத்த வாரம் பாப்போம்னுட்டாரு." வார்த்தைக்கு வார்த்தை அதுவேதான்!

பிப்ரவரி முதல் வாரம். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். மொத்தம் 37 வசனம். நான் எண்ணோடு வாசிக்கிறவன். ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள். லேவியராகமத்தில் பலி, சடங்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அதிகாரம் ஆச்சரியமாக இருந்தது. அறுக்கும்போது வயல் ஓரத்தை முழுக்க வழித்து எடுக்காதே, ஏழைக்கும் அயலூரானுக்கும் விட்டுவை என்கிறது. திருடாதே, பொய் சொல்லாதே என்கிறது. வாசித்துக்கொண்டே போகையில் கண் ஒரு வரி முன்னால் ஓடும் இல்லையா? 13-ஆம் வசனம் கண்ணில் பட்டது. வேலை செய்தவனுடைய கூலியை விடிகிற வரைக்கும் உன் கையில் வைத்திருக்காதே என்கிற அர்த்தம்.

நண்பர்களே, நான் அந்த வசனத்தைத் தாண்டினேன். பன்னிரண்டை முடித்து, பதினாலு என்று சொல்லி, செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னால் தடுக்கல் வைக்காதே என்கிற இடத்துக்குப் போய்விட்டேன். யாருக்குத் தெரியப் போகிறது? அப்பா தூக்கம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தானே!

"ஏல, நில்லு. பன்னெண்டுன்ன, அடுத்தாப்ல பதினாலுங்க. பதிமூணு எங்கல போச்சு?"

பீடியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

வேதாகமத்தை எழுதினவர்கள் எண் போட்டு எழுதவில்லை. அதிகாரம் பிரித்ததே 13-ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் லாங்டன் என்பவர். வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர் 1551-ல் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டு அச்சடித்தார், சில வருஷத்தில் முழு வேதாகமத்துக்கும் வந்துவிட்டது. தேடி எடுக்க வசதி என்பதற்காகப் போட்ட எண் எழுத்துத் தெரியாத எங்கள் அம்மா கையில் இப்படி ஒரு ஆயுதமாகும் என்று அந்த அச்சுக்காரர் நினைத்திருப்பாரா?

திரும்பிப் போய்ப் பதிமூன்றை வாசித்தேன். தூங்குகிறார் என்று நினைத்த அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார், "அதை அந்தக் காண்டிராக்டர்ட்டப் போயி வாசிச்சுக் காட்டணும்." அம்மா சிரித்தார். "அவரு வீட்டு வேதத்துல பதிமூணு இருக்காதோ என்னமோ" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்ச வசனங்களை என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. முடித்ததும் போனில் பச்சை டிக் அழகாக விழுந்தது.

அந்த ராத்திரி எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான். அம்மா அப்பாவுக்கு வேதாகமம் என்றால் என் குரல்தான். நான் விட்டால் அது அவர்களுக்கு இல்லவே இல்லை. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தார் என்று சொல்வார்கள். அவருடைய புதிய ஏற்பாடு 1715-ல் தமிழில் அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் மொழிபெயர்த்து 1719-ல் இறந்துபோனார். எங்கிருந்தோ வந்தவர் ஒரு வசனம் விடாமல் எங்கள் பாஷையில் கொண்டுவந்து சேர்க்கப் பாடுபட்டிருக்கிறார். மூன்று வருஷம் டிப்ளமோ படித்த நான் என் சௌகரியத்துக்கு ஒரு வசனத்தை முழுங்குகிறேன். வீட்டில் முதல் படிப்பாளி என்று பெருமையாகச் சொல்கிறோமே, நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறோம்? ரேஷன் கடை நோட்டீசும் பேங்க் கடிதாசியும் அப்பா அம்மாவுக்கு நாம்தான் வாசித்துச் சொல்கிறோம். எதை விட்டோம் என்று அவர்களுக்குத் தெரியாது. வேறு மதத்து நண்பர்களே, இந்த இடம் உங்களுக்கும்தான்.

காலையில் கையிலிருந்த 800 ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பல் விளக்கிக்கொண்டு நின்றான். "ஓனர் அன்னைக்கே தந்துட்டாரு. நான் செலவழிச்சிட்டேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்" என்றேன். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, "எனக்குத் தெரியும்லே. அந்த வீட்டக்கா எங்கம்மாட்ட அப்பவே சொல்லிட்டாங்க" என்றான். ஒரு வாரமாகத் தெரிந்தும் என்னைக் கேட்காமலே இருந்திருக்கிறான். திட்டியிருந்தால் கூடத் தேவலை. 800-ஐ எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பையில் வைத்தான்.

மிச்சம் 1700. சாயங்காலம் காலேஜ் விட்டதும் ஒரு ரீவைண்டிங் கடையில் வேலைக்கு நின்றேன். கொச்சிக்கும் போனேன், கட்டின பணம் திரும்ப வராது என்றார்கள். பஸ்ஸில் நான் ஏன் ஆட வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். குரூப் போட்டோவில் என் ஷூ மட்டும் நன்றாகத் தெரிகிறது.

இதைக் கேட்ட சபை அண்ணன் ஒருவர், "பார்த்தியா, வசனம் உன்கூடப் பேசியிருக்கு. மத்தவங்களைப் பார்க்காதே, உன்னை மட்டும் பாரு, அதுதான் வேத வாசிப்பு" என்றார். பாதி சரி. வேதம் கண்ணாடி மாதிரி என்று யாக்கோபு நிருபம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உடனே மறந்துவிடுகிறவனைப் பற்றி. அது எனக்குத்தான். ஆனால் அதே யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்துவைத்த கூலி கூக்குரல் இடுகிறது, அறுத்தவர்களின் சத்தம் ஆண்டவர் காது வரை போய்விட்டது என்கிறாரே, அதை என்ன செய்வது? அதை "உள்ளான மனுஷனுக்கு" என்று மாற்றி அர்த்தம் சொல்ல முடியுமா? என் 2500 ரூபாய்க்கு மட்டும் அந்த வசனம், அப்பாவின் 4000 ரூபாய்க்கு இல்லையா? அந்தக் காண்டிராக்டர் கோயிலில் முன் வரிசையில் உட்காருகிறவர். லேவியராகமத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆட்டுக்குட்டி எதற்கு அடையாளம், தூபம் எதற்கு அடையாளம் என்று சொல்வார்கள். 19:13-ஐப் பற்றி ஒரு பிரசங்கம் கூட நான் கேட்டதில்லை. நெகேமியா புத்தகத்தில் எஸ்றா விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாக வாசிக்கிறார். மறுநாள் அவர்கள் கேட்டதைச் செய்யப் புறப்பட்டு, கிளைகளை வெட்டி வந்து கூடாரம் போடுகிறார்கள். எல்லாரும் கேட்க வாசிப்பதும் வேத வாசிப்புதான். தன்னை மட்டும் பார் என்பது பல சமயம் கூலி பாக்கி வைத்திருக்கிறவருக்குத்தான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்காமல் நான் காண்டிராக்டர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. அதுவும் தெரிந்தது.

பிப்ரவரி கடைசியில் உபாகமம் 24 வந்தது. அங்கேயும் அதே சமாச்சாரம். பொழுது சாய்வதற்கு முன்னே கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பித்தான் இருக்கிறான் என்று. அன்றைக்கு இன்னும் 800 ரூபாய் பாக்கி. இந்த முறை எதையும் விடவில்லை. கடையில் கூலி கிடைத்த மார்ச் முதல் சனிக்கிழமை, பொழுது நன்றாகவே சாய்ந்த பிறகுதான், கடைசி 800-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "அடுத்த வேலை வந்தா சொல்லுதேன்" என்றேன். "நான் இப்ப வேற ஆள்கூடப் போறேன்" என்றான். இன்ஜினியர் என்று கூப்பிடுவதில்லை.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து அப்பாவும் நானும் காண்டிராக்டரிடம் பேசினோம். நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. வேலை நடந்த தேதிகளையும் பாக்கித் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு நான் பேசியது பிடிக்கவில்லை, வேலை போய்விடும் என்று பயம். 1500 வந்திருக்கிறது. 2500 நிற்கிறது. அது நான் அவனுக்குப் பாக்கி வைத்த அதே தொகை என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன்.

இதை எழுதுகிற வாரத்தில் ரூத் வந்திருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் ரூத் அறுவடைக் காட்டில் கதிர் பொறுக்கப் போகிறாள். போவாஸ் தன் ஆட்களிடம், அவளுக்காகக் கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தி விட்டுப் போங்கள், அவளை அதட்டாதீர்கள் என்கிறார். லேவியராகமம் 19-ல் இருந்த அந்த வயல் ஓரம்தான் இது. அந்த ஆள் அதை வாசித்ததோடு விடாமல் காட்டிலும் செய்திருக்கிறார்.

அம்மா பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "நாங்களும் சின்னப் பிள்ளையில கடலை பிடுங்கின காட்டுல போயி விட்டுப்போன கடலையப் பொறுக்குவோம். கம்பை எடுத்துட்டு விரட்டுவாங்க. ஒரே ஒரு தாத்தா மட்டும் எங்களப் பாத்தா அந்தப் பக்கமா திரும்பிக்கிடுவாரு" என்றார். அந்தத் தாத்தா யாரு, எந்த ஊருக் காடு என்று அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து கேட்டார். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அம்மா கேட்டார், "எத்தனை வசனம்ல அது?"

"இருபத்திமூணும்மா."

"இருபத்தொண்ணு வரைக்கும்தான் வாசிச்சிருக்க. மிச்சத்தையும் வாசி."

- மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு